வங்கிச் சில்லறைப் பையில் நினைவு நாணயம் தேடுவது எப்படி

வங்கியில் நூறு காசு அடைத்த சில்லறைப் பையை வாங்கிப் பிரித்து, தலைவர் முகமோ விழாவோ நினைவாகப் போட்டு அடித்த நினைவு நாணயம் போல வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்த காசுக்கு ஈடாக வேறு காசு போட்டு, மீதியைப் புழக்கத்துக்கு அனுப்புவதுதான் இந்தப் பொழுதுபோக்கு. இதில் இறங்க நினைக்கிற யாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மீதிக் காசை எங்கே செலவழிப்பீர்கள்? ஒரு பையில் நீங்கள் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு. சில பைகளில் அதுவும் இருக்காது. வெளியே போக வழியில்லாமல் பை மேல் பையாக வாங்கினால், மூன்றாவது வாரம் பீரோவுக்கு அடியில் கனமான ஒரு மூட்டையும் வீட்டில் ஒரு சண்டையும்தான் மிஞ்சும். போகிற வழியை முதலில் முடிவு செய்யுங்கள். வாங்குகிற வழி அதற்குப் பிறகு.

எனக்குக் கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை. ஷாம்பு பாக்கெட், தீப்பெட்டி, கடலை மிட்டாய், நிப்பட்டு என்று ஐந்துக்கும் பத்துக்கும் நடக்கிற வியாபாரம். கல்லாவில் சில்லறை இல்லாமல் காலையில் ஷட்டரைத் தூக்கவே முடியாது. அதனால் நான் பார்த்து முடித்த காசு ஓரிரு நாளில் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். கடை இல்லாதவர்கள் தெருமுனை டீக்கடைக்காரர், பூக்கட்டுகிற அக்கா, மாவு மில்காரர் யாரிடமாவது பேசி வையுங்கள். சில்லறை இல்லை என்று தினமும் புலம்புகிறவர்கள் அவர்கள்தான். எண்ணி அடைத்த நூறு காசைக் கொண்டுபோய்க் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் லாபம்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒருவர் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைதான் வாங்கக் கடமைப்பட்டவர். 50 பைசா என்றால் 10 ரூபாய் வரை. அரிசி மண்டியில் மூட்டையாகக் கொட்டி 'செல்லுகிற காசுதானே' என்று வாதாட முடியாது. வங்கியில் நம் கணக்கில் கட்டுவதற்கு ரிசர்வ் வங்கி அப்படி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் நூறு நூறாகப் பாலித்தீன் பையில் அடைத்துக் கொண்டுபோனால்தான் வேலை நடக்கும்.

கவுன்ட்டரில்

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் இதைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காகிதத்தில் சுருட்டிய உருளையாக வரும். கால் டாலர் நாணயம் 40 இருந்தால் ஓர் உருளை, அதாவது 10 டாலர். அவர்கள் முக்கியமாகத் தேடுவது வெள்ளி. 1964 வரை அடித்த கால் டாலரிலும் அரை டாலரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது. அதில் ஒன்று கிடைத்தாலே வெள்ளியின் விலை மட்டும் காசின் முகமதிப்புக்குப் பல மடங்கு. நம் பைகளில் வெள்ளி வராது. நம் ரூபாய் 1947-லேயே வெள்ளியை விட்டு நிக்கலுக்கு வந்துவிட்டது. இங்கே தேட வேண்டியது முகங்களையும் ஆண்டுகளையும் நாணயச் சாலைக் குறிகளையும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் ஏமாற்றமே வராது.

வங்கியில் இரண்டு வகைப் பைகள் இருக்கும். ஒன்று, நாணயச் சாலையிலிருந்து நேராக வந்த புதுக் காசு. பளபளவென்று இருக்கும், நூறும் ஒரே ஆண்டு, ஒரே சாலை. ஆல்பத்துக்கு அப்பழுக்கில்லாத ஒரு காசு வேண்டுமானால் அது நல்லது. தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, ஜனங்கள் கட்டிய பழைய காசு. கோயில் உண்டியல், பஸ் டிப்போ, கடைக்காரர்கள் வழியாக வந்து கலந்து கிடப்பது. நமக்கு வேண்டியது இதுதான். கேட்கும்போதே தெளிவாகக் கேட்க வேண்டும். எங்கள் கேஷியர் என்னைப் பார்த்ததுமே, "என்னக்கா, இன்னிக்குக் கடைக்கா, ஆல்பத்துக்கா?" என்பார். "ரெண்டுக்கும்தான் சார். புதுசு வேண்டாம், ஜனங்க கட்டினது இருந்தா அஞ்சு ரூபாயில ரெண்டு பை குடுங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

எதற்கு வாங்குகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்ன பிறகு, உண்டியல் காசு வந்த நாளில் அவர்களே நினைவாக எடுத்து வைக்கிறார்கள். எங்கள் ஊரில் மாசியில் மயானக் கொள்ளை முடிந்த பிறகும், ஆடிப் பெருக்கு கழிந்த பிறகும் வருகிற பைகள் எனக்குப் பிடிக்கும். வருடம் முழுக்க உண்டியலிலும் வீட்டுச் சாமி மாடத்திலும் முடங்கிக் கிடந்த காசு அப்போதுதான் வெளியே வரும். மாங்காய்ப் பருவத்தில் மண்டிகளைச் சுற்றியும் பணப் புழக்கம் அதிகம். ஆனால் அப்போது சில்லறைக்குப் போட்டியும் அதிகம், எளிதில் கிடைக்காது.

போகும் நேரம் முக்கியம். மாதத்தின் முதல் பத்து நாள் பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்களின் நாள். அப்போது வரிசையில் நின்று சில்லறை கேட்காதீர்கள். திங்கள்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் அப்படித்தான். மாதக் கடைசி வாரத்தில், கூட்டம் வடிந்த மதியத்துக்குப் பிறகு போங்கள். நோட்டைச் சரியாகக் கொண்டுபோங்கள்: ஐந்து ரூபாய்ப் பை 500, பத்து ரூபாய்ப் பை 1,000, இரண்டு ரூபாய்ப் பை 200. பையை அங்கேயே பிரித்துப் பொறுக்க ஆரம்பிக்கக் கூடாது. எண்ணிக்கை சந்தேகமாக இருந்தால் மட்டும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் எண்ணிக் காட்டுங்கள். கணக்கே இல்லாத கிளையில் போய்க் கேட்டாலும் சில்லறை தர வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. ஆனாலும் விதியைக் காட்டி வாங்குகிற பை ஒரு நாளைக்குத்தான் வரும். நம் கணக்குள்ள கிளையில் முகம் தெரிந்து வாங்குவதுதான் நீடிக்கும்.

எந்தக் காசில் தொடங்குவது

ஐந்து ரூபாய். யோசிக்கவே வேண்டாம். நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்த நினைவு நாணயங்களில் மிகப் பலவும் இதில்தான்.

நம் பக்கத்துக்காரர்கள் ஐந்து ரூபாயில் தேட வேண்டிய முகங்கள் தனி. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் வந்தார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் மூன்றிலும். மூன்றையும் சேர்த்து ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள், கண் நிறைந்துவிடும். காமராஜர் நூற்றாண்டுக்கு 1903–2003 என்று போட்ட ஐந்து ரூபாய். அண்ணா நூற்றாண்டுக்கு 2009-இல் வந்தது. அதில் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. இந்தியக் காசில் தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்க்கலாம் என்பதற்காகவே அதை நான் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவேன். பசுமைப் புரட்சியின்போது வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டுக் காசு 2010-இல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்கும் அதே ஆண்டில் ஐந்து ரூபாய் உண்டு. எம்.ஜி.ஆர். நூற்றாண்டு ஐந்து ரூபாய், எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டுப் பத்து ரூபாய் இரண்டும் 2017-இல் வந்தவை. இந்த இரண்டையும் சில்லறைப் பையில் எதிர்பார்க்காதீர்கள். நாணயச் சாலை சேகரிப்பாளர்களுக்கு விற்ற தொகுப்புகளில்தான் பார்க்க முடியும்.

பத்து ரூபாயில் நம் பக்கத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ரூபாய்க் குறி இல்லாதது போலி, பதினைந்து கோடு போட்டது செல்லாது என்று வாட்ஸாப்பில் வந்ததை நம்பி வருடக்கணக்கில் கடைகளிலும் பஸ்ஸிலும் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. ரூபாய்க் குறியே 2011-இல்தான் காசில் ஏறியது. அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும்? அந்த வதந்தியின் விளைவு, கை மாறாமல் தூங்கிய பத்து ரூபாய்க் காசு நம் ஊர்களில் நிறைய. தேயாமல், கீறல் விழாமல் இருக்கும். கேஷியரும் சந்தோஷமாகக் கொடுப்பார். அந்தப் பதினான்கில் மூன்று வழக்கமான வடிவங்கள், மீதிப் பதினொன்று நினைவு நாணயங்கள்: ஹோமி பாபா, ரிசர்வ் வங்கியின் 75 ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, வைஷ்ணவி தேவி கோயில், கயிறு வாரியத்தின் 60 ஆண்டு, காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு, அம்பேத்கர் 125, யோகா தினம், சுவாமி சின்மயானந்தா, தேசிய ஆவணக் காப்பகம், ஸ்ரீமத் ராஜசந்திரா. பதினான்கையும் சேர்ப்பது புதிதாகத் தொடங்குகிறவருக்கு நல்ல முதல் இலக்கு. நானும் கடையில் பத்து ரூபாய்க் காசை மறுக்காமல் வாங்குகிறேன், மறுக்காமல் கொடுக்கிறேன். யோசிக்கிற வாடிக்கையாளரிடம் காசைத் திருப்பிக் காட்டி இது எந்த ஆண்டு, யார் முகம் என்று சொன்னால் பலரும் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு ரூபாயில் பொறுமை அதிகம் வேண்டும், பலன் குறைவு. இருபது ரூபாய் 2020-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதைத் தேட இன்னும் காலம் இருக்கிறது.

வீட்டில் பிரித்துப் பார்க்கும் முறை

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: எலக்ட்ரானிக் தராசு, காந்தம் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டு, அதன் மேல் விரிக்க வெளுத்த பருத்தித் துணி. பழைய ஸ்பீக்கரில் கிடைக்கும் காந்தம் போதும். தலைக்கு மேல் எரியும் டியூப்லைட் உதவாது, காசு மின்னிக் கண்ணைக் கூசும். காலையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக்கொண்டால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும்.

முதலில் பையைப் பிரிக்காமலே தராசில் வையுங்கள். ஐந்து ரூபாய்க்கு இது அருமையாக வேலை செய்யும். 1992 முதல் வந்த பழைய கனமான செம்பு–நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம். 2007-இல் வந்த எவர்சில்வர் காசும், 2009 முதல் வந்த மஞ்சள் நிற நிக்கல்–பித்தளைக் காசும் 6 கிராம். 2019 வடிவம் 6.74 கிராம். ஆகவே நூறு புதுக் காசு மட்டும் இருக்கும் பை 600-க்கும் 674-க்கும் நடுவில்தான் நிற்கும். எடை 680 கிராமைத் தாண்டினால் உள்ளே 9 கிராம் காசு இருக்கிறது, சந்தேகமே இல்லை. தாண்டாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. நாலைந்து பழைய காசு எடையில் தெரியாமல் ஒளிந்திருக்கும். கவுன்ட்டரில் நான்கு பை நீட்டப்பட்டால் கையில் தூக்கிப் பார்த்தே கனமானதை எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. காமராஜரும் வள்ளுவரும் அந்தக் கனத்தில்தான் இருக்கிறார்கள். அந்தக் கனமே அவர்களைப் புழக்கத்திலிருந்து குறைக்கவும் செய்தது: ஐந்து ரூபாய்க் காசு எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு சவர பிளேடுக்காக உருக்கப்படுவதாக 2007 வாக்கில் செய்திகள் வந்தன.

அடுத்தது காந்தம். காசுகளைத் துணியில் பரப்பி, காந்தத்தை மேலாக ஓட்டுங்கள். ஐந்து ரூபாயில் ஒட்டுவது எவர்சில்வர் காசு. அது கொஞ்ச காலமே அடித்தது, குவியல் சிறியதாக இருக்கும், முழுவதையும் நிதானமாகப் பாருங்கள். லால் பகதூர் சாஸ்திரி, நாராயண குரு, திலகர் போன்ற சில நினைவு நாணயங்கள் செம்பு–நிக்கலிலும் வந்தன, எவர்சில்வரிலும் வந்தன. ஒரே முகம், இரண்டு உலோகம். ஆல்பத்தில் இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். ஒட்டாததில் வெள்ளை நிறம் பழையது, மஞ்சள் நிறம் 2009-க்குப் பிந்தியது.

இரண்டு ரூபாயில் காந்தம் செய்கிற உதவி இன்னும் பெரியது. ஒட்டாதவை எல்லாம் 2004 வரை அடித்த பதினோரு பக்கச் செம்பு–நிக்கல் காசு. பின்பக்கத்தில் இந்திய வரைபடமும் கொடியும் இருந்தால் சாதாரணம். அவற்றுக்கு நடுவில்தான் சர்தார் படேல், நேதாஜி, அரவிந்தர், சித்தரஞ்சன் தாஸ், சிவாஜி, உச்ச நீதிமன்றத்தின் 50 ஆண்டு, துக்காராம் எல்லாம் இருக்கிறார்கள். ஒட்டுகிற பெரிய குவியல் 2005-க்குப் பிந்தியது. அதில் லூயி பிரெயில், காமன்வெல்த் விளையாட்டு இரண்டையும் தேடிவிட்டு மீதியை ஒதுக்கலாம்.

ஒரு ரூபாயில் 1992 முதல் எல்லாமே எவர்சில்வர், எல்லாமே ஒட்டும். ஒட்டாமல் ஒன்று தனியாக நின்றால் அது 1975-க்கும் 1991-க்கும் இடைப்பட்டது. அளவில் பெரிதாக, 28 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்துகொண்டு ஒட்டவும் செய்தால் 1962–1974 நிக்கல் ரூபாய். நிக்கலும் காந்தத்துக்கு ஒட்டும். சில்லறைப் பையில் இது அபூர்வம், வந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கலாம்.

இதற்குப் பிறகுதான் முகம் பார்ப்பது. எல்லாக் காசையும் சிங்கம் கீழே இருக்கும்படி திருப்பி வரிசையாக அடுக்குங்கள். ஒரே மாதிரி எண்களும் கோடுகளும் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு தலை தெரிந்தால் கண் தானாக நிற்கும். முதல் சில பைகளுக்கு நேரம் ஆகும். பிறகு ஒரு பைக்கு டீ ஆறும் நேரம் போதும்.

சாலைக் குறி

இந்தப் பொழுதுபோக்கின் உயிர், காசு எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் குறியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நினைவு நாணயம் இல்லாத பையையும் குறி பார்க்கத் தெரிந்தவர் வெறுங்கையோடு மூடமாட்டார்.

நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கு இடங்களில் காசு அடிக்கிறார்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே லென்ஸை வைத்துப் பாருங்கள். வைரம் போன்ற சாய்சதுரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். உருண்டைப் புள்ளி நொய்டா. ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. தேய்ந்த காசில் மும்பை வைரம் வட்டமாகி நொய்டா போலத் தோன்றும். பக்க வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நான்கு முனையின் தடம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே குறியுங்கள். 1950களிலும் 60களிலும் ஹைதராபாத் காசில் நட்சத்திரம் இல்லாமல், நடுவில் பிளந்த வைரமும் புள்ளி வைத்த வைரமும் வந்ததுண்டு. பழைய காசு கைக்கு வரும்போது இதை மறக்காதீர்கள்.

உள்நாட்டுச் சாலைகளால் தேவைக்கு அடித்துத் தர முடியாத காலங்களில் வெளிநாட்டில் கொடுத்து அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில 'எச்' இருந்தால் அது இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடித்தது. 1990களின் கடைசியில் மறுபடியும் அந்த நிலை வந்தது. 'எம்' எழுத்தின் தலையில் குட்டி வட்டம் இருக்கும் ஒரு ரூபாய் மெக்சிகோ. 'எம்', 'கே' சேர்ந்திருக்கும் ஒரு ரூபாய் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. 1999 ஐந்து ரூபாயில் மூன்று ரஷ்ய எழுத்துகள் தெரிந்தால் மாஸ்கோ. மெக்சிகோவில் பிறந்து, கப்பலேறி வந்து, இருபத்தைந்து வருடம் எத்தனையோ சுருக்குப் பைகளில் கிடந்து, காவேரிப்பட்டணத்தில் என் தட்டில் விழுகிற ஒரு ரூபாயை நான் சாதாரணமாக எடுத்து வைப்பதில்லை. இதற்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. எனக்கு வேண்டியது அந்தப் பயணம்.

ஆல்பத்தை ஆண்டு வாரியாக, ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு சாலைக்கு நான்கு கட்டம் என்று போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஆண்டும் எல்லாச் சாலையும் எல்லாக் காசும் அடிப்பதில்லை, சில கட்டங்கள் காலியாகவே இருக்கும். கூடவே ஒரு நோட்டு. நான் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்: தேதி, பை என்ன மதிப்பு, எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது, எடை, எடுத்த காசு. ஒரு வருடம் எழுதினால் எந்த மாதம் எந்த மாதிரிப் பை வரும் என்று உங்கள் ஊருக்கான கணக்கு உங்களிடமே இருக்கும்.

தவறாக அடித்தவை

நடு விலகி அடித்தது, ஓரம் பிறை போல வெட்டுப்பட்டது, ஒரு பக்கத்து உருவமே மறுபக்கத்தில் குழிந்து விழுந்தது, அச்சில் விரிசல் விட்டதால் மேலே கோடு எழும்பியது – இவையெல்லாம் பிழை நாணயங்கள், சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவார்கள். எளிதாகச் சோதிக்கக் கூடியது சுழற்சி: காசைப் புத்தகப் பக்கம் போல இடமிருந்து வலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் எடுத்து வையுங்கள். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, சுத்தியால் அடித்தது, அமிலத்தில் போட்டு மெலிந்தது பிழை நாணயம் ஆகாது, அது சேதம். பத்து ரூபாயின் நடுவட்டத்தைப் பெயர்த்துத் திருப்பி அழுத்தி 'பிழை' என்று விற்பவர்களும் உண்டு. சேரும் இடத்தில் லென்ஸ் வைத்தால் கீறல் தெரியும்.

கழுவாதீர்கள்

வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கை சும்மா இருக்காது. காசுக்குப் புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்து வந்த பளபளப்பைச் சேகரிப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், மதிப்பு போய்விடும். உண்டியல் காசில் குங்குமமும் எண்ணெயும் அப்பியிருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரில் கடைசியாக ஒரு முறை முக்கி, துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். ஒகேனக்கல்லில் ஆற்றில் விழுந்து கறுத்த காசு கறுப்பாகவே இருக்கட்டும்.

காசை ஓரத்தில் பிடிக்கப் பழகுங்கள். வைப்பதற்கு, நடுவில் மெல்லிய தெளிவான தாள் ஒட்டிய சதுர அட்டை ஹோல்டர் நல்லது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை ஆல்பங்கள் வேண்டாம். வருடங்கள் போனால் அதிலிருந்து பசை கசிந்து காசில் பச்சையாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

சட்டமும் விலையும்

நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. நியாயமான தேவைக்கு மிக அதிகமாகக் காசைக் குவித்து, முகமதிப்பை விட வேறு விலைக்கு விற்க வைத்திருப்பதும் குற்றம். ஒரு வகைக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு மீதியைப் புழக்கத்தில் விடுகிறவருக்கு இதனால் ஒரு பயமும் இல்லை. மூட்டை கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும். 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அதைச் சேர்க்கலாம், செலவழிக்க முடியாது. 50 பைசா இன்றும் செல்லும். அந்தக் காலத்தில் பாரா மகால் என்று சொன்ன நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்ததால், யானை போட்ட செப்புக் காசு சில பழைய வீடுகளில் இருக்கும்; அது வேறு உலகம். கொல்லையில் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

விலை பற்றி நேராகச் சொல்கிறேன். சில்லறைப் பையில் கிடைக்கிற தேய்ந்த நினைவு நாணயத்தில் பெரும்பாலானவை முகமதிப்பை விடக் கொஞ்சம் கூடுதலாக, சில பத்து ரூபாய்க்குத்தான் போகும். வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு உங்களை லட்சாதிபதி ஆக்கும் என்று வருகிற காணொளிகளை நம்பாதீர்கள். அந்தக் காசு என் ஆல்பத்தில் இருக்கிறது, அழகாக இருக்கிறது, அதன் மதிப்பு அவ்வளவுதான். இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டுதான் மோசடி நடக்கிறது. உங்கள் காசுக்கு லட்சம் தருகிறோம், அதற்கு முன் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே கடிதம் அனுப்புவார்கள். அப்படிக் கட்டணமோ கமிஷனோ கேட்க எந்த நிறுவனத்துக்கும் நபருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. விற்பவர் முன்பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் எங்கும் கிடையாது. ஓ.டி.பி., ஆதார் நகல், வங்கி விவரம் எதையும் அனுப்பாதீர்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசி, உங்கள் வங்கிக் கிளைக்கும் சொல்லிவிடுங்கள்.